உள்கால் அளவு

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது கூடவே ஓர் அளவு ரவிக்கையும் கொடுத்து அனுப்புகிறோம். கை அரை அங்குலம் இறங்கியிருந்தால் திருப்பிக் கொண்டுபோய்ப் பிரித்துத் தைக்கச் சொல்கிறோம். வளையல் கடையில் கையை நீட்டினால் போதும், விரல் முட்டியைப் பார்த்தே 2-4 என்றோ 2-6 என்றோ சொல்லிவிடுகிறார்கள். பெண்ணுடலை உடுத்தவும் அலங்கரிக்கவும் வேண்டிய இடங்களில் அளவு பற்றிய அறிவு நம் ஊரில் குறைவாக இருந்ததே இல்லை. அதே உடல் சைக்கிள் கடைக்குள் நுழைந்தால் மட்டும் "லேடீஸா, ஜென்ட்ஸா?" என்ற ஒரு கேள்வியோடு அளவெடுப்பு முடிந்துபோகிறது.

அந்தக் கேள்வியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. சைக்கிள் வரலாற்றை எழுதிய பெண்ணியர்கள் பலரும் 'பெண் சைக்கிள் ஏறினாள்' என்ற தருணத்தைக் கொண்டாடியிருக்கிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எந்தச் சைக்கிளில் ஏறினாள், அதன் பார் அவள் இடுப்புக்கு எங்கே வந்தது, நிறுத்தியபோது அவள் கால் தரையைத் தொட்டதா என்று கேட்டவர்கள் குறைவு. நெடுந்தூரம் போக நினைக்கிற பெண்ணுக்கு இவை சில்லறைக் கேள்விகள் அல்ல.

முதலில் ஃப்ரேம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சக்கரம், சீட், ஹேண்டில்பார், பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மிஞ்சும் குழாய்க்கூடுதான் ஃப்ரேம். சீட்டைத் தாங்கும் நேர்க்குழாயின் நீளத்தை வைத்து 20 அங்குலம், 22 அங்குலம், 24 அங்குலம் என்று அதற்கு அளவு சொல்வது பழைய வழக்கம். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தலாம். ஃப்ரேமை மட்டும் மாற்ற முடியாது. அது எலும்புக்கூடு. வாங்கியது வாங்கியதுதான்.

இன்று நாம் காணும் சைக்கிளின் வடிவம் 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' சைக்கிளோடு நிலைபெறத் தொடங்கியது. இரண்டு சம அளவுச் சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்கும் செயின். சில ஆண்டுகளுக்குள் குழாய்கள் வைர வடிவில் இணைந்துகொண்டன. பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு முக்கோணங்கள் தெரியும். முக்கோணம் வளையாது என்பது கொத்தனாருக்கும் தச்சருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் மெல்லிய குழாயிலேயே அவ்வளவு பாரம் தாங்குகிறது.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 'பெண்கள் சைக்கிள்' வந்தது. மேல்பாரை எடுத்துவிட்டு, இன்னொரு குழாயைத் தாழ்வாக வளைத்து வைத்தார்கள். பாவாடை தடையின்றித் தொங்க வேண்டும், காலைத் தூக்கிப் போடும் 'அநாகரிகம்' நேரக் கூடாது. இந்த வடிவம் பெண்ணின் உடலைப் பார்த்து உண்டானதன்று, அவள் உடையைப் பார்த்து உண்டானது. காலின் நீளம், கையின் நீளம், தோளின் அகலம் எதுவும் அங்கே கணக்கில் வரவில்லை. மேல்பாரை எடுத்தவுடன் முக்கோணம் போய்விட்டது. இழந்த உறுதியை ஈடுகட்டக் கனமான குழாய் தேவைப்பட்டது. ஆக, உடல் பலம் குறைந்தவர் என்று யாரைச் சொன்னார்களோ அவருக்கே கனமான வண்டியைக் கொடுத்தார்கள். நமக்கு வகை கிடைத்தது. அளவு கிடைக்கவில்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

இதைத் தன் உடம்பால் சோதித்துப் பார்த்தவர் ஆனி லண்டன்டெரி. இயற்பெயர் ஆனி கோஹன் கோப்சோவ்ஸ்கி; மூன்று குழந்தைகளின் தாய். 1894 ஜூன் மாதம் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்டபோது அவரிடம் இருந்தது நீண்ட பாவாடையும், 42 பவுண்டு எடையுள்ள கொலம்பியா நிறுவனத்தின் பெண்கள் சைக்கிளும். சிகாகோ போய்ச் சேர்வதற்குள் உடல் மெலிந்து சோர்ந்துபோனார். அங்கே ஸ்டெர்லிங் நிறுவனத்தின் ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். அதன் எடை 21 பவுண்டு, சரியாகப் பாதி. பாவாடையும் கால்சட்டைக்கு இடம் கொடுத்தது. பிறகு பிரான்ஸ் வழியாக, எகிப்து, கொழும்பு, சிங்கப்பூர் என்று, நீர்வழியில் கப்பலும் நிலத்தில் கிடைத்த இடத்தில் சைக்கிளுமாக, 1895 செப்டம்பரில் சிகாகோவுக்குத் திரும்பினார். அவர் சொன்ன சாகசக் கதைகளில் பாதி கற்பனை என்பது வேறு விஷயம். கதைவிடுவது ஆண் பயணிகளின் தனியுரிமையா என்ன? எடை பாதியானது மட்டும் கற்பனை இல்லை.

இனி நம் பக்கம் வருவோம். விடுதலைக்கு முன் இங்கே ஓடியவை ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் முதலிய இங்கிலாந்து வண்டிகள். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் தயாரிப்பு நடந்தது. 1951-இல் சோனிபட்டில் அட்லஸ். 1956-இல் லூதியானாவில் ஹீரோ. உற்பத்தி இந்தியாவுக்கு வந்தது, அளவு இங்கிலாந்தினுடையதாகவே இருந்தது. 28 அங்குலச் சக்கரம், 22 அல்லது 24 அங்குல ஃப்ரேம் கொண்ட அந்தக் கறுப்பு வண்டியின் மேல்பார் தரையிலிருந்து ஏறத்தாழ 32 முதல் 34 அங்குல உயரத்தில் இருக்கும். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. என்று தேசியக் குடும்ப நல ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த உயரமுள்ள பெண்ணின் உள்கால் அளவு, அதாவது கவட்டிலிருந்து பாதம் வரை, சராசரியாக இருபத்தேழு, இருபத்தெட்டு அங்குலம் இருக்கும். பாருக்கும் அவளுக்கும் இடையில் நான்கு அங்குலத்துக்கு மேல் பற்றாக்குறை. இரு கால்களையும் தரையில் ஊன்றி அவள் அந்த வண்டியின் குறுக்கே நிற்கவே முடியாது.

இந்தப் பற்றாக்குறைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: குரங்குப் பெடல். பாருக்கு மேலே போக முடியாத பிள்ளைகள் முக்கோணத்துக்குள் காலை நுழைத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டையோ பாரையோ பிடித்துக்கொண்டு, உடலைக் கோணலாக்கி மிதிக்கும் வித்தை. ராசி அழகப்பனின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு 2024-இல் 'குரங்கு பெடல்' என்று ஒரு திரைப்படமே வந்தது. வாடகை சைக்கிள் கடைகளில் அரை சைக்கிள், முக்கால் சைக்கிள் என்று சிறுவர் வண்டிகள் இருந்தன. அவை எட்டாத ஊர்களிலெல்லாம் குரங்குப் பெடல்தான். பையன்களுக்கு அது ஒரு பருவம். காலை பாருக்கு மேலே போட்ட நாளில் அது முடிந்துவிடும். பாவாடை கட்டிய பெண்பிள்ளைக்கு அந்த நாள் வருவதற்குள் வேறொரு நாள் வந்துவிடும். வயதுக்கு வந்தவளைச் சைக்கிள் பக்கம் விட்ட வீடுகள் அந்தக் காலத்தில் எத்தனை? அப்படியாக நம் அம்மாக்கள், சித்திகள் பலருடைய சைக்கிள் வரலாறு அந்த முக்கோணத்துக்குள்ளேயே நின்றுபோனது.

அதை மாற்றியது புதுக்கோட்டை. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அதன் பகுதியாக்கினார். ஓரிரு ஆண்டுகளில் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். வயலில் கூலி வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என எல்லாரும் அதில் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் எழுதியதால் உலகம் அறிந்தது. அவர் எழுதியதில் போகிறபோக்கில் வரும் ஒரு குறிப்புதான் என்னைப் பல ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருக்கிறது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதையே விரும்பினார்கள். காரணம், பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

இந்த ஒரு குறிப்பில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கவென்ட்ரியில் உறுதிக்காக வைத்த குழாய். பாவாடைக்காகப் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்ட குழாய். அதைப் புதுக்கோட்டைப் பெண்கள் திரும்ப எடுத்துப் பிள்ளையை அமர்த்தும் பலகையாக்கிக்கொண்டார்கள். கேரியரில் குடம், ஹேண்டிலில் பை, பாரில் பிள்ளை. நெடும்பயண சைக்கிளுக்கு வேண்டிய தகுதிகள் என்று இன்று சொல்லப்படும் சுமை தாங்கும் உறுதி, நிதானம், பல மணிநேரம் உட்காரும் வசதி எல்லாவற்றையும் அவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு கணக்கு விடுபட்டது. மேலே சொன்ன நான்கு அங்குலப் பற்றாக்குறை அப்படியே இருந்தது. ஐந்தடிப் பெண் அந்த வண்டியில் எப்படி ஏறுவாள்? இடது காலை இடது பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி வேகம் கூட்டி, சேலையைச் செருகிக்கொண்டு காலைத் தூக்கிப் போடுவாள். நிறுத்தும்போது ஒரு பக்கமாகச் சாய்த்துக் குதிப்பாள். பாரில் பிள்ளை இருக்கையில் அந்தக் குதிப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். சீட்டை அடிவரை இறக்கினாலும் பெடல் கீழே போகும்போது பாதம் முழுதாக எட்டாது. இடுப்பை இடமும் வலமும் அசைத்து மிதிக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு அது தெரியாது. இருபது கிலோமீட்டரில் இடுப்பு சொல்லும். அந்தப் பெண்கள் பெற்ற விடுதலையை இது குறைத்துவிடாது. தங்களுக்காகச் செய்யப்படாத ஒரு பொருளை வைத்து அவ்வளவும் செய்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேர வேண்டும் என்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு. அங்கே சேலை உடுத்திய ஆசிரியைகள் சைக்கிளில் பள்ளி போவது யாருக்கும் அதிசயமாக இருந்ததில்லை. போர்க்கால எரிபொருள் தடையின்போது குடாநாடே சைக்கிளில்தான் நகர்ந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் அடுத்த பெரிய திருப்பம் விலையில்லா மிதிவண்டி. 2001-02 கல்வியாண்டில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காக அது தொடங்கியது. பின்னர் பிற பிரிவு மாணவியருக்கும் மாணவருக்கும் விரிந்தது. ஊர்த்தெருவுக்குள் வந்தால் தலித்துகள் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று கட்டளை இருந்த மாநிலம் இது. அங்கே முதல் சைக்கிள் அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குப் போனது சின்ன விஷயம் அன்று. பீகாரில் 2006-இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் சேர்க்கை 32 விழுக்காடு கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்று கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

மூன்று கிலோமீட்டர் என்பது கங்கைச் சமவெளியில் ஒரு தூரம். ஜவ்வாது மலையில் வேறொரு தூரம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலை கிழக்குத் தொடர்ச்சியின் ஒரு துண்டு. ஜமுனாமரத்தூர்தான் மலைக்கு மையமான ஊர். மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைத்து வாழும் சிற்றூர்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-இல் அங்கே நிறுவினார்கள். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விலையில்லா சைக்கிளின் ஒற்றைக் கியர் அந்த ஏற்றத்துக்குச் செய்ததல்ல. பெடலை ஒருமுறை சுற்றினால் ஐந்து மீட்டர் போகும்படி சமவெளிக்காகச் செய்த கியர் அது. மலைப்பிள்ளைகள் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள்.

இந்த மலைக்கு வழிகாட்டும் நூல் ஒன்று சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. மலைபடுகடாம் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாறு அதில் வருகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், எங்கே பாறை வழுக்கும், எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்லும் பயண நூல். அந்தக் கூட்டத்தில் விறலியும் நடக்கிறாள். கல்லில் நடந்து நைந்த அவளுடைய சிறிய அடியை இளைத்த நாயின் நாக்குக்கு ஒப்பிடுகிறார் பெருங்கௌசிகனார். வகுப்பில் இதை நடத்தும்போது உவமையின் அழகைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதே வழக்கம். நான் அந்த அடியில் கொஞ்சம் நிற்பேன். பாதை அவள் உடம்பில் என்ன செய்தது என்பதைக் கவி பார்த்திருக்கிறார். அவளுக்குக் காலணி ஏன் இல்லை என்பதை அவர் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

சுமையேற்றிய சைக்கிளில் இந்த மலையில் ஏற நினைக்கிற பெண்ணுக்கு ஃப்ரேம் அளவு என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். பெரிய ஃப்ரேமில் முதலில் சிக்கல் பாரால் வரும் என்று நினைப்போம். உண்மையில் பெரிய சிக்கல் நீளம். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள தூரம் கூடினால் முதுகு முன்னே இழுபடுகிறது, உடல் பாரம் உள்ளங்கைகளில் இறங்குகிறது. மூன்று மணிநேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும், கழுத்து இறுகும். இறக்கத்தில் பிரேக் பிடியை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் பெண்கள் தங்கள் உடம்பின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்பார்கள். ஸ்டாமினா அல்ல, குழாய் நீளம்.

அப்படியென்றால் சிறிய ஃப்ரேம் வாங்கினால் போதுமா? அங்கேயும் ஒரு பொறி உண்டு. சக்கரத்தைப் பெரியதாகவே வைத்துக்கொண்டு ஃப்ரேமை மட்டும் சுருக்கினால், ஹேண்டிலைத் திருப்பும்போது முன்சக்கரம் கால்விரலில் இடிக்கும். நேர்ச்சாலையில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது, ஆகவே தெரியாது. மலை வளைவில், நடை வேகத்தில், பாரத்தோடு ஏறும்போதுதான் சக்கரம் கூர்மையாகத் திரும்பும்; அப்போது இடித்தால் விழ வேண்டியதுதான். பின்பக்கமும் குறுகியிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பக்கப்பையில் மோதும். நெடும்பயண ஃப்ரேமின் பின்குழாய்கள் மற்ற சைக்கிள்களைவிட நீளமாக இருப்பது இதற்காகத்தான்.

இந்தக் கணக்கை முதலில் பெண்ணுடலிலிருந்து தொடங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜினா டெரி என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர். வீட்டு அடித்தளத்தில் தானே குழாய்களைப் பற்றவைத்து ஃப்ரேம் செய்யத் தொடங்கி, 1985-இல் நிறுவனம் ஆரம்பித்தார். உயரம் குறைந்த பெண்களுக்காக முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாகச் சிறுத்தார். கால்விரல் இடிப்பது போனது, மேல்பாரும் குட்டையானது. இரண்டு அளவு டியூப் சுமக்க வேண்டும் என்பது ஒரு தொல்லை. இப்போது இரண்டு சக்கரத்தையுமே சிறியதாக்குவது பொதுவழி. சர்லி நிறுவனத்தின் 'லாங் ஹால் டிரக்கர்' என்ற நெடும்பயண சைக்கிள் 42 செ.மீ. ஃப்ரேமிலிருந்தே கிடைத்தது, சிறிய அளவுகளுக்கு 26 அங்குலச் சக்கரத்தோடு. நம் ஊருக்கும் அதுவே நல்லது. 26 அங்குல டயர் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். பந்தய சைக்கிளின் மெல்லிய டயருக்கு வேலூருக்கோ சென்னைக்கோதான் வர வேண்டும்.

டெரியின் காலத்தில் ஒரு கருத்து வேரூன்றியது: பெண்ணுக்குக் கால் நீளம், உடல் குட்டை; ஆகவே பெண்ணுக்கென்று தனி வடிவம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன, பூப்போட்ட இளஞ்சிவப்பு வண்ணத்தோடு. 2019 வாக்கில் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஆயிரக்கணக்கான ஓட்டிகளின் உடலளவுகளைப் பார்த்துவிட்டு அந்தத் தனி வடிவத்தைக் கைவிட்டது. பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைவிடப் பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையில் உள்ள வேறுபாடு பெரிது என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு இதில் வியப்பில்லை. எங்கள் கல்லூரியில் ஒரே உயரமுள்ள இரண்டு மாணவியரை அளந்தபோது உள்கால் அளவில் நான்கு செ.மீ. வேறுபாடு இருந்தது. அதே சமயம் ஓர் எச்சரிக்கை: 'பெண் வடிவம்' வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிறிய அளவுகளையும் கடையிலிருந்து எடுத்துவிட்டால் நாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். வேலூரில் ஒரு கடையில் நெடும்பயண சைக்கிள் கேட்டபோது மீடியம்தான் இருக்கிறது என்றார்கள். சின்னது வராதா என்றதற்கு, "லேடீஸுக்குக் கூடை வெச்சது இருக்கு மேடம், பாருங்க" என்று பதில் வந்தது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பதில்.

அளவெடுப்பது எளிது. வெறுங்காலில் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள், பாதங்களுக்கு இடையில் ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில், முதுகுப்பட்டை மேலே இருக்கும்படி, சீட்டில் உட்காரும்போது அழுந்தும் அளவுக்கு மேலே அழுத்துங்கள். நான் பயன்படுத்தியது தமிழ் லெக்சிகனின் ஒரு தொகுதி. அதற்கு இப்படியும் ஒரு பயன். அதன் மேல்விளிம்பு சுவரில் தொடும் இடத்தைக் குறித்துத் தரைவரை அளந்தால் அதுதான் உள்கால் அளவு. எனக்கு 71 செ.மீ. இதை 0.65 அல்லது 0.67-ஆல் பெருக்கினால் கிடைப்பது மேல்பார் கிடையாக உள்ள ஃப்ரேமின் உத்தேச அளவு. எனக்கு 46 முதல் 48 செ.மீ. வரை. உள்காலை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை இருக்க வேண்டிய உயரம், எனக்கு 63 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. இவை தொடங்குவதற்கான எண்கள்தாம். பார் சரிந்திருக்கும் இன்றைய ஃப்ரேம்களில் சீட்டுக்குழாயின் நீளத்தை மட்டும் நம்ப முடியாது. எனவே வண்டியின் குறுக்கே நின்று பாருக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு விரற்கடையாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை முன்னே நிறுத்தி ஹேண்டிலைத் திருப்பிக் கால்விரலில் சக்கரம் தொடுகிறதா என்று பாருங்கள். முழங்கை லேசாக மடிந்திருக்கையில் பிரேக் எட்டுகிறதா? கேரியரில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். கிராங்கின் நீளத்தையும் கேளுங்கள். வழக்கமான 170 மி.மீ.க்குப் பதில் 165 அல்லது 160 இருந்தால் குட்டையான காலின் முழங்கால் தப்பிக்கும்.

இதில் கடினமானது எண் அல்ல, சொல். இந்த அளவு தொடங்கும் இடத்துக்குப் பெண் வாயில் வரக்கூடிய சொல் நம்மிடம் இல்லை. மரக்கிளை பிரியும் இடத்தைக் கவடு என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறோம். அதே சொல் உடம்புக்கு வந்தால் வசையாகிவிடுகிறது. பேன்ட் தைக்கும் ஆணுக்கு உள்கால் அளவை டெய்லர் கேட்டு எழுதிக்கொள்கிறார். சுடிதார் தைக்கும் நம்மிடம் இடுப்பு, உயரம், கால் சுற்றளவோடு நிறுத்திக்கொள்கிறார். அதனால் தன் உள்கால் அளவு தெரிந்த பெண்ணை நான் அதிகம் கண்டதில்லை. தலைப்பில் அந்தச் சொல்லை வைத்ததும் இதனால்தான்.

ஜவ்வாது மலையின் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைக்கும் சமவெளியில் படிக்கும் பிள்ளைக்கும் இன்று ஒரே வண்டிதான் வருகிறது: பையனுக்குப் பார் உள்ளது, பெண்ணுக்குப் பார் இல்லாதது. வகை இரண்டு. பதினாறு வயதில் நான்கேமுக்கால் அடி இருப்பவளும் ஐந்தேகால் அடி இருப்பவளும் ஒரே ஃப்ரேமில். செலவு கூடும், ஒப்பந்தம் சிக்கலாகும் என்பார்கள். ஆனால் இதே அரசு சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புவரை விலையில்லாச் சீருடை கொடுக்கிறது. அதைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள். பள்ளிக்கு வந்து, நாடாவை எடுத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தோளும் உயரமும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்கும் அவர்கள் ஒருமுறை வரலாம். நாடா அவர்களிடம் இருக்கிறது, புத்தகம் பள்ளியில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் ஆகும்.